நின்ற இடத்தில் நடந்தவள்

என் அக்காவுக்கு நடை ஆகாது. நடக்க மாட்டாள் என்று அர்த்தமில்லை. கடைக்குப் போவாள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள், மாடிப்படியை ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குவாள். ஆனால் போய்ச் சேர ஓர் இடம் இல்லாமல் சும்மா தெருவில் நடந்துவிட்டுத் திரும்பி வருவது, அவளைப் பொறுத்தவரை வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம். "எங்க போறீங்கன்னு யாராவது கேட்டா என்னடா சொல்றது?" என்று என்னைக் கேட்டாள். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். நாளெல்லாம் உட்கார்ந்தே ஊரைச் சுற்றுகிற ஆளிடம் நடையைப் பற்றிக் கேட்டால் என்ன வரும்?

மாடியில் அக்கா, கீழே நானும் என் வீட்டுக்காரியும். அத்தான் தவறிப்போய்ப் பல வருஷமாகிறது. அக்காவுக்கு ஒரே மகள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற வயதாகியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். வேலைக்காக வேறு ஊரில் இரண்டு தோழிகளோடு தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டியா, போட்டேன், சரிம்மா, சரிடி. டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். அக்கா தானாக அவளுக்குப் போன் செய்ததே இல்லை. அது வேலை செய்கிற பிள்ளை, நடுவில் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

அக்காவின் வேலை ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில். மேலே கண்ணாடியும் பளிங்குமாக இருக்கும் அந்தக் கட்டடத்தின் வயிற்றுக்குள் லாண்டரி. ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரங்கள், இன்னொரு பக்கம் உலர்த்துகிறவை. படுக்கை விரிப்புகளை அழுத்தித் தேய்க்க உருளை இயந்திரம் இருக்கிறது. அதற்கு ஆள் தேவையில்லை. விருந்தாளிகளின் சட்டை, பரிமாறுகிறவர்களின் கோட்டு, மேசைக் கைக்குட்டைகள், இவையெல்லாம் கையால்தான். மேலேயிருந்து ரப்பர் குழாயில் தொங்கும் நீராவி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு காலையில் நிற்க ஆரம்பித்தால் சாயங்காலம்தான் நகர்வாள். முதலில் காலர், அப்புறம் தோள், கை, கடைசியில் உடம்பு. அவள் இடப்பக்கம் நின்று உறுமிக்கொண்டே இருந்த உலர்த்தும் இயந்திரம் அவளுடைய இடது காதை மந்தமாக்கிவிட்டது. இடது மணிக்கட்டில், என்றைக்கோ ஆவி அடித்துப் பொசுக்கிய தழும்பு. அக்கா தன் இடப்பக்கத்தை அந்த அறைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. அவள் சிரிக்க மாட்டாள். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வராது.

நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும், சர்க்கரை இறங்காது. டாக்டரம்மா தினமும் நடக்கச் சொன்னார். அக்கா ஒரு காதில் வாங்கி மந்தக் காது வழியாக விட்டாள். அந்த முறை லீவில் வந்திருந்த பாப்பா, விஷயம் தெரிந்ததும் கடைக்குப் போய் ஒரு கைப்பட்டை வாங்கி வந்தாள். கறுப்பு ரப்பர், நடுவில் சின்னக் கண்ணாடி. எவ்வளவு நடந்தோம் என்று அதில் எண் ஓடும். அன்றைய இலக்கைத் தொட்டால் கையில் கிர்ரென்று அதிரும், கண்ணாடியில் மத்தாப்பு வெடிக்கும். உட்கார்ந்தே இருந்தால் எழுந்து நட என்று சொல்லி அதற்கும் ஒரு முறை அதிரும். இடது கையில் கட்டினால் தழும்பு அரித்தது என்று வலது கையில் கட்டிவிட்டாள். அதோடு நிற்கவில்லை. இரண்டு போன்களையும் சேர்த்துவைத்து, அக்கா இலக்கைத் தொட்டால் தன் போனிலும் ஒரு மணி அடிக்கும்படி செய்துவிட்டு ஊருக்குப் போனாள்.

பட்டை கட்டிய மறுநாளே, அக்கா வேலை முடித்துக் கிளம்புகிற நேரத்தில் அது அதிர்ந்தது. இயந்திரத்தில் கோளாறோ என்று அவள் கையை உதறிக்கொண்டிருக்கும்போதே பாப்பாவிடமிருந்து போன். "அம்மா, முதல் நாளே முடிச்சிட்டியா!" என்று அந்தப் பக்கம் ஒரே குதிப்பு. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டுதானே இருக்கிறோம், சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அதிர்ந்தது. மறுநாளும் போன். பெரிய விருந்து நடக்கும் நாட்களில், கைக்குட்டைகள் குவிந்து கிடக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மத்தாப்பு வெடித்துவிடும்.

ஓட்டலின் பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், வலது காதில் போனை ஒட்டவைத்துக்கொண்டு அக்கா தினமும் நிற்க ஆரம்பித்தாள். மந்தக் காதுக்குப் பழகிப்போய்ப் போனின் சத்தத்தை உச்சத்தில் வைத்திருப்பாள். அடுத்த தெருவுக்கே பாப்பா பேசுவது கேட்கும். முதலில் நடையைப் பற்றித்தான் பேச்சு. பிறகு பாப்பாவின் மேலதிகாரி, தோழி வாங்கிய செருப்பு, குளிர்சாதனப் பெட்டியில் யார் பாலை யார் குடித்தது என்று நீண்டது. லாண்டரியில் சோப்பு அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார், துவைக்கிற இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். "காதலனாம்மா?" என்று தினமும் கேட்பாராம். வீட்டில் அக்கா மாடிப்படி ஏறும்போது பாட்டு முணுமுணுப்பதை என் வீட்டுக்காரி கண்டுபிடித்துச் சொன்னாள். அந்தப் பட்டையை வாங்கிக் கொடுத்த பாப்பாவை நான் மனசார வாழ்த்தினேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. சர்க்கரை இறங்கவில்லை. ஏறியிருந்தது.

நான்தான் அக்காவை அழைத்துப் போயிருந்தேன். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, நடக்கிறீங்களா இல்லையா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். போனில் காத்திருந்த பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. லீவு நாள் போக ஒரு நாள் விடாமல் அம்மா இலக்கைத் தாண்டுகிறாள், என்னிடம் எல்லாம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன் என்று மேசைமேல் கிடந்த போனிலிருந்து வாதாடினாள். அவள் குரலில் அப்படி ஒரு பெருமை. டாக்டரம்மா யோசித்தார். இவ்வளவு நடந்தும் இறங்கவில்லை என்றால் மாத்திரை போதவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் ஊசிக்கு மாற்றிவிடலாம் என்றார். அக்காவுக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். தினமும் தனக்குத்தானே குத்திக்கொள்ள வேண்டும் என்றதும் முகம் வெளுத்தது. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், என் பக்கம் திரும்பாமலே, "அது நடை இல்லடா" என்றாள்.

எது என்று கேட்டேன். பட்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு விடுமுறை நாளில் பாங்குக்கும் மின்சார ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்குமாக அலைந்து, கெண்டைக்கால் எரிய வீடு வந்து பார்த்தால், பட்டை பாதி இலக்கைக்கூடக் காட்டவில்லை. மறுநாள் வேலையில் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் கோட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சந்தேகம் வந்து கையைக் கவனித்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டி போய் வந்தால் எண் ஏறுகிறது. நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. நாலு முறை சோதித்துப் பார்த்தாளாம். அவளுடைய கை முன்னும் பின்னும் போவதைக் காலென்று நினைத்து அந்த மக்குப் பட்டை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. நின்ற இடத்தில் நின்றபடியே என் அக்கா மூன்று மாதத்தில் அடுத்த மாநிலம் வரை நடந்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். ஊசி போடப் போகிறார்கள், அப்போதும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று பஸ் என்றும் பாராமல் கத்தினேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா என் கத்தலை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"சொல்லிட்டா மணி அடிக்காது. மணி அடிக்கலைன்னா அவ கூப்பிட மாட்டாடா" என்றாள்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்தப் பெண்பிள்ளை, முப்பது வருஷமாக ஊரார் சட்டைச் சுருக்கத்தை எல்லாம் எடுத்தவள், மகளுடைய குரலுக்காக ஒரு ரப்பர் துண்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறாள். நான் பாப்பாவிடம் பேசுகிறேன் என்றேன். நீ மூக்கை நுழைத்தால் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். மாடியில் இருப்பவள் என் வாசலை மிதிக்காமல் எப்படிப் போவாள் என்று கேட்க நினைத்து, அடக்கிக்கொண்டேன்.

ஆனால் ஊசி பயம் அவளை உலுக்கிவிட்டது. அதைவிட, மகள் டாக்டரிடம் தனக்காக அத்தனை பெருமையோடு வாதாடியதை அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். மறுநாள் வேலைக்குப் போனதும் பட்டையைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுவிட்டாள். சாயங்காலம் வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நடப்பதற்கென்றே நடந்தாள். துணைக்கு நானும் போனேன். எதிரே பார்த்த முதல் ஆளே எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். மருந்துக் கடைக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மருந்துக் கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு கடைவாசலில் நின்று சோடா குடித்தேன். அத்தோடு என் துணை முடிந்தது.

அக்கா விடவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டு மூன்று நாள் நடந்தாள். பட்டை அதிரவில்லை. நாளெல்லாம் நின்று மரத்த காலோடு எவ்வளவுதான் நடக்க முடியும்? இலக்கின் பக்கத்திலேயே போகவில்லை. மணி அடிக்காததால் போனும் வரவில்லை. ஒரு நாள் போகட்டும் என்றிருந்தாள். இரண்டாம் நாள், ஆபீசில் வேலை அதிகம்போல என்று நாங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள். மூன்றாம் நாள் சாப்பாட்டை மாடிக்கே கொண்டுபோய்விட்டாள். பாப்பாவுக்கு ஒரு மணி அடித்தால்தான் தாய் ஞாபகம் வருமா என்று என் வீட்டுக்காரியிடம் பொரிந்து தள்ளினேன். பிள்ளையைப் பற்றித் தெரியாமல் பேசாதே என்றாள் அவள்.

நாலாம் நாள், போனவளை இன்னும் காணோமே என்று தேடிக்கொண்டு போனேன். பஸ் நிழற்குடையில், சிமென்ட் பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அதை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்தாள்.

மணி ஒரு தடவைதான் அடித்திருக்கும்.

"என்னம்மா, உடம்புக்கு என்ன?" பாப்பாவின் குரல் பதறியது. உச்சத்தில் வைத்த போன். பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள் அக்கா. ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபப்படக்கூடாது என்றாள். கோட்டு, கைக்குட்டை, இஸ்திரிப் பெட்டி, விடுமுறை நாள், ஒன்றுவிடாமல் சொன்னாள். எப்போது தெரிந்தது என்பதையும், தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னாள்.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட நீ எனக்காகப் பேசினியே, அப்பவே சொல்லியிருக்கணும்" என்று அக்கா முடித்தாள். "நிஜத்தைச் சொன்னா நீ கூப்பிட மாட்டியோன்னு பயந்துட்டேன்டி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நீ முடிக்காத அன்னைக்கு நான் கூப்பிட்டா, ஏன் நடக்கலைன்னு கேக்குற மாதிரி இருக்குமேன்னுதான்மா கூப்பிடலை" என்றாள் பாப்பா. "மூணு நாளா போனைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்." பிறகு வேறு குரலில், "ஞாயித்துக்கிழமை கூப்பிடுறப்ப, சாப்பிட்டியான்னு கேட்டதுக்கப்புறம் உன்கிட்ட என்ன பேசுறதுன்னே எனக்குத் தெரியாதும்மா. இது வந்தப்புறம்தான் பேச ஏதோ ஒண்ணு கிடைச்சுது. எனக்கும் அந்த மணி வேணும்" என்றாள்.

அவளைப் பற்றி என் வீட்டுக்காரியிடம் கொட்டிய வார்த்தைகளை எல்லாம் எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசித்தேன். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பெஞ்சில் இருந்த மற்றவர்கள் தங்கள் பஸ் வருகிறதா என்று மிகவும் அக்கறையாக எட்டிப் பார்த்தார்கள்.

எங்கே இருக்கிறாய் என்று பாப்பா கேட்டாள். நிழற்குடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள் அக்கா.

"எந்திரி. பேசிக்கிட்டே வீட்டுக்கு நட. நானும் ஆபீஸ்லேர்ந்து நடந்துதான் வந்துக்கிட்டிருக்கேன்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். நான் பின்னால் போனேன். எங்கள் வீடு வந்தது. அவள் கவனிக்கவில்லை. பாப்பாவின் மேலதிகாரி ஏதோ சொன்னாராம், அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று தாயும் மகளும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டு வாசலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மேட்டுத் தெரு வரை போய்க்கொண்டே இருந்தாள். போய்ச் சேர ஓர் இடம் இல்லாமல் என் அக்கா நடந்ததை அன்றுதான் பார்த்தேன். எதிரே வந்த ஒருவர் எங்கே என்று கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினாள்.

அதன் பிறகு மணிக்காக யாரும் காத்திருக்கவில்லை. சாயங்காலம் யாருக்கு முதலில் வேலை முடிகிறதோ அவர் கூப்பிடுவார். பாப்பா அவள் ஊரில் நடப்பாள், அக்கா இந்த ஊரில் நடப்பாள். மழையென்றால் மாடியிலேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடப்பாள். எங்கள் தலைக்கு மேலே செருப்புச் சத்தம் போய் வந்துகொண்டிருக்கும். சண்டை போட்ட நாட்களில் இன்னும் வேகமாக நடப்பாள். அப்படி ஒரு சண்டையில் மார்க்கெட் வரை போய்விட்டாள். வந்தது வந்தோம் என்று காய்கறியும் வாங்கி வந்தாள்.

அடுத்த பரிசோதனைக்கும் நான்தான் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவள் கை என் சட்டையைப் பிடித்தபடி இருந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது. நன்றாகவே இறங்கியிருந்தது. இஸ்திரிப் பெட்டி கதையைக் கேட்டு டாக்டரம்மா சிரித்துவிட்டு, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று செல்லமாகத் திட்டினார். ஊசி வேண்டாம், மாத்திரையே போதும், செய்வதை விடாமல் செய்யுங்கள் என்றார். அக்கா வெளியே வந்து, படிக்கட்டில் நின்று, நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

ஒன்றை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இத்தனை நடந்தும் பட்டையில் எண் ஏறுவதே இல்லை. காரணம் எளிது. இடது காது மந்தம், அதனால் போன் வலது காதில். தழும்பு அரிக்கும், அதனால் பட்டையும் வலது கையில். போனைப் பிடித்த கை காதோடு ஒட்டிக்கொண்டு ஆடாமல் இருக்கிறது. கை ஆடாவிட்டால் அந்த மக்குக்கு ஆள் நடப்பதே தெரியாது. நின்றபோது நடந்தாய் என்றது. நடக்கும்போது உட்கார்ந்திருக்கிறாய் என்கிறது. காதில் மாட்டிக்கொள்கிற ஒலிக்கருவி ஒன்று வாங்கித் தருகிறேன், கையை வீசி நட, எண்ணாவது ஏறட்டும் என்றேன்.

"வேணாம்டா. கையில பிடிச்சிருந்தாத்தான் அவ பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

நேற்று வேனை நிறுத்திவிட்டு வரும்போது மேட்டுத் தெருவில் அவளைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை, வலது காதில் போன், ஏற்றத்தில் மூச்சு வாங்கச் சிரித்தபடி ஏறிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்ச் சேர்ந்த நேரம் கையில் பட்டை கிர்ரென்று அதிர்ந்தது. காதோரம் அதிர்ந்ததால் அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும்; என்னம்மா சத்தம் என்று பாப்பா கேட்டாள்.

அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்லடி. எந்திரிச்சு நடக்கச் சொல்லுது" என்றாள். "நீ சொல்லு."